தலையணைக்கு அடியில் கனடாக் கல்

என் மகளின் நிச்சயதார்த்த மோதிரத்தை நான் திருடினேன். வேறு என்ன பெயர் வைத்துப் பார்த்தாலும் மனம் ஒப்பவில்லை, அதனால் திருட்டு என்றே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலை அவள் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிப் போனதும், குளியலறைக் கிண்ணத்தில் கிடந்த மோதிரத்தை எடுத்துக்கொண்டுபோய் என் தலையணைக்கு அடியில் வைத்தேன். மூன்று நாள் கழித்து இருந்த இடத்திலேயே போட்டுவிடுவதாகத்தான் எண்ணம்.

எங்கள் ஊர்ப் பக்கம் வைரத்தைப் பார்த்த உடனே வாங்கிவிட மாட்டார்கள். கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, வீட்டில் சண்டை மூண்டாலோ அந்தக் கல் ஆகாது; திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரரும் ஏன் என்று கேட்க மாட்டார். என் கல்யாணத் தோட்டுக்கு வந்த முதல் ஜோடிக் கல் அப்படித்தான் திரும்பிப் போனது. அது வந்த மறுநாளே அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். ஸ்கூட்டரில் பிரேக் சரியில்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், சிட்னிக்கு வந்த நாளிலிருந்து மைக்ராஸ்கோப்பும் கையுமாக இருப்பவள். ஆனால் வைரம் என்று வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எங்கோ ஓடிவிடுகிறது.

மாப்பிள்ளை இதே சிட்னியில், டூங்கபியில் இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையன். தங்கமான பிள்ளை, குறை சொல்ல முடியாது. அவனுடைய பெரியம்மா கனடாவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறார். மோதிரத்துக்குக் கல் பார்க்க வேண்டும் என்றதும் வீடியோவில் கூப்பிட்டு இரண்டு கற்களைக் காட்டினார்.

"இது கனடா வடக்கில ஏரிக்கு அடியில சுரங்கத்துக்குள்ள இருந்து எடுத்தது. அங்க ஏரி உறைஞ்சாத்தான் அதுக்கு மேலால லொறியே போய் வரும், அவ்வளவு குளிர். மற்றது இஞ்ச லாப்பில வளர்த்தது. கண்ணால பார்த்தா ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது, ஓம்."

நான் முதல் கல்லைக் காட்டினேன். மகள் இரண்டாவதைக் காட்டினாள்.

"ஏரியை வத்த வெச்சு, பூமியைத் தோண்டி எடுத்த கல்லு எனக்கு எதுக்கும்மா? லேப் வைரமே போதும்."

"அது மண்ணுல விளையாத கல்லுடி!"

"ரெண்டுமே கார்பன்தாம்மா."

மாப்பிள்ளையோ, "எனக்கு எதெண்டாலும் ஓகே அன்ரி" என்று நழுவிக்கொண்டான். கடைசியில் அவள் கேட்ட கல்லே வந்தது, மோதிரமாகி அவள் விரலிலும் ஏறியது.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்த கல்லென்றால் அதற்கு ராசி உண்டு, தோஷம் உண்டு. மெஷினுக்குள் சில வாரத்தில் வளர்ந்த கல்லுக்கு என்ன ராசி? இதை யாரிடம் போய்க் கேட்பது? ஜோசியரைக் கேட்டால் அவரே கூகுளில்தான் தேடுவார். கல்யாணத் தேதி நெருங்க நெருங்க, எங்கள் குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்குள் ஒரு வேலையும் ஓடாமல் மாடிக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். தொடர்ந்து மூன்று நாள் அவளுக்கு வேலை இருந்தது. வேலை நாளில் அவள் மோதிரம் போட மாட்டாள். எப்போதாவது மறந்து போட்டுக்கொண்டு போனால் அங்கே போய்க் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பாள். எடுத்தால் கவனிக்க மாட்டாள் என்று துணிந்தேன்.

முதல் நாள் மாலையே ஆரம்பித்துவிட்டது. வேலையிலிருந்து வந்து முகம் கழுவப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது, சாப்பாடும் வேண்டாம் என்றாள். மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்கு ஓடினாள். மாலையில் மாப்பிள்ளை போன் செய்தபோது, "அப்புறம் பேசலாம்" என்று வெடுக்கென்று வைத்துவிட்டாள். "பொண்ணு முகமே சரியில்லையே" என்றார் என் கணவர். எல்லாம் அந்தக் கல்லால்தான் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவளுக்குக் காலை ஷிப்ட். மத்தியானம் திரும்பி வந்தவள் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதையும் கல்லின் தலையில் போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டதே! இந்தக் கல் வேண்டாம், சுரங்கத்துக் கல்லையே அனுப்பச் சொல்லலாம் என்று அவளிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. அவளிடம் குனிந்து ஏதோ பேசிவிட்டு, அவன் மட்டும் உள்ளே வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்ரி, மோதிரம் துலைஞ்சு போச்சு. தயவுசெய்து அவவை ஏசாதேங்கோ. ஆஸ்பத்திரியிலதான் சட்டைப்பையில இருந்து விழுந்திருக்கும் எண்டு, ரெண்டு நாளா அழுக்குத் துணி மூட்டை எல்லாம் கிண்டித் தேடியிருக்கிறா. எனக்கே இண்டைக்குத்தான் சொன்னவ. நான் பெரியம்மாட்டைச் சொல்லி வேற ஒண்டு எடுப்பிக்கிறன்."

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லலை அவ?"

"நீங்கள் இதைக் கெட்ட சகுனம் எண்டு பிடிச்சுக்கொண்டு கலியாணத்தை நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பயப்பிடுறா. எனக்கும் அந்தப் பயம்தான் அன்ரி."

மாடிக்குப் போனேன். தலையணையைத் தூக்கி மோதிரத்தை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தேன். கார் ஜன்னல் வழியாக அவள் உள்ளங்கையில் அதை வைத்தேன்.

"மூணு நாள் வெச்சுப் பார்த்தேன்டி" என்றேன்.

என் தோட்டுக் கதையை நூறு தடவை கேட்டவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், கதவை அறைந்து சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தித் தொலைத்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும்.

"நான் அழுததை எல்லாம் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்."

"கல்லாலதான்னு நெனச்சியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஏன்டி அழுறேன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமேம்மா."

கேட்கவே தோன்றவில்லை என்று பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?