குளவி இல்லாத மலைகளின் பட்டியல்

ஒன்றுமே நடக்காத நாட்களை ஆயிரக்கணக்கில் காட்டிவிட்டு, என்றைக்கோ நடக்கப்போகிற ஒன்றை முன்கூட்டிச் சொல் என்று கம்பியூட்டரை வதைப்பதுதான் எங்கள் தொழில். இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதில்லை. மாட்டாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

நான் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஏ.எல். கணிதம் படித்து, ஹட்டனில் கம்பியூட்டர் கோர்ஸ் முடித்து, இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு உதவியாளராக வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கொழுந்து எடுக்கும் பெண்களைக் குளவி கொட்டுகிறது. நாளைக்கு எந்த மலையில் கிளம்பும் என்று இன்றைக்கே சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கிற ஒரு துண்டு நிலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். மழை, வெயில், காற்று, செடியைக் கவ்வாத்து வெட்டிய வருஷம், பக்கத்தில் காடு இருக்கிறதா, அன்றைக்குக் குளவி வந்ததா இல்லையா என்று பழைய புத்தகங்களில் கிடந்ததையெல்லாம் நாலு மாசம் உட்கார்ந்து ஏற்றினேன். எனக்கு மேலே யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர், நடேசன் சேர். குரலை உயர்த்தியே பேசாத மனுசன்.

தொண்ணூற்றெட்டு மார்க்

முதல் சோதனையிலேயே கம்பியூட்டர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் பட்டியலை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துவிடுகிற இடம் அது. ஒன்றாம் நம்பர் மலை, குளவி இல்லை. இரண்டாம் நம்பர், இல்லை. இருபத்திரண்டு மலைக்கும் இல்லை என்று வாசித்து முடித்தேன். அடுத்த நாளும் அதேதான், அதற்கு அடுத்த நாளும் அதேதான். நாலாம் நாள் பன்னிரண்டாம் நம்பரில் மூன்று பேரைக் கொட்டியது.

பெரட்டில் முன்வரிசையில் நின்று பட்டியலைக் கேட்பவர் பாக்கியம் அக்கா. முந்தின வருஷம் குளவி கொட்டி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்தவர். இன்னொரு தடவை கொட்டினால் உயிர் தங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஃபெக்டரியில் வேலை கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. புருஷன் இல்லை, ரெண்டு பிள்ளைகள். ஆகவே தினமும் மலை ஏறியே ஆக வேண்டும். நூற்றில் தொண்ணூற்றெட்டு நாள் எங்கள் மிஷின் சரியாகச் சொல்கிறதே என்று நான் சமாதானம் சொன்னபோது அக்கா சொன்னது:

"அந்தத் தொண்ணூத்தெட்டு நாளைக்கி இல்லன்னு நானே வீட்ல இருந்து சொல்லிருவேன் தங்கச்சி, எனக்கு வேணுங்கிறது மிச்சம் ரெண்டு நாளுதான்."

எல்லா மலையிலும் குளவி

பல்லாயிரம் 'இல்லை'க்கு நடுவில் கொஞ்சூண்டு 'உண்டு'. மிஷின் கெட்டிக்காரச் சோம்பேறி. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் மார்க் தானாக வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டது. இதற்கு ஒரு மருந்து உண்டு. ஒரு குளவி நாளைப் பல நாட்களுக்குச் சமமாக எண்ணு என்று சொல்லிவைப்பது. அதைத் தவறவிட்டால் அத்தனை மடங்கு மார்க்கை வெட்டுவது. எடை போடுவது என்போம். ஆத்திரக்காரி நான், எடுத்த எடுப்பில் ஐந்நூறு மடங்கு போட்டேன்.

பயந்துபோன மிஷின் இருபத்திரண்டு மலைக்கும் 'உண்டு' என்றது. அதை நான் பெரட்டில் வாசிக்க, பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்து மேனேஜர் தொரை வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஆட்களை மலைக்கு அனுப்புகிற பொறுப்பு மாரிமுத்து கணக்கப்பிள்ளைக்கு. அவர் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுப்படி பாத்தா மிஸ், இன்னைக்கி கொழுந்து எடுக்க தொரை பங்களா பூந்தோட்டந்தான் மிச்சம்."

எத்தனை பொய் தாங்கும்?

ஐந்து மடங்கு, பத்து, இருபது, ஐம்பது என்று ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தோம். எடை ஏற ஏறத் தவறவிடுகிற நாள் குறைகிறது, வீண் எச்சரிக்கை கூடுகிறது. எங்கே நிறுத்துவது? அதைக் கம்பியூட்டரிடம் கேட்காதேங்கோ, ஆட்களிடம் கேளுங்கோ என்றார் சேர். ஒரு உண்மையான குளவி நாளைப் பிடிப்பதற்கு எத்தனை வீண் எச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று தொரையிடம் போய்க் கேட்டேன். மூன்று, அதற்கு மேல் முடியாது என்றார். ஒரு மலை சும்மா கிடந்தால் கொழுந்து முற்றிவிடும், அவருடைய கஷ்டம் அவருக்கு.

அதே கேள்வியை, ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்காவிடமும் கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"நூறு தடவ வேணும்னாலும் பொய் சொல்லுங்க, மல மாறி நடந்துக்கிறேன், காலுதானே வலிக்கும்."

முந்தியே வெளியான கேள்வித்தாள்

எடை போட்டு அலுத்துப்போய் ஒருநாள் குறுக்குவழி தேடினேன். குளவி நாட்கள் குறைவு என்பதுதானே பிரச்சினை? ஒவ்வொன்றையும் இருபது பிரதி எடுத்துப் போட்டுவிட்டால் போச்சு! அப்படியே செய்து, எல்லாவற்றையும் கலக்கி, முக்கால்வாசியைப் பாடத்துக்கும் கால்வாசியைப் பரீட்சைக்கும் பிரித்தேன். மிஷின் ஒரு குளவியைக்கூடத் தவறவிடவில்லை. நான் எழும்பி நின்று கைதட்டியது பக்கத்து அறை கிளார்க்குக்குக் கேட்டது.

சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். பாடத்தில் இருந்த அதே நாளின் பிரதிகள்தான் பரீட்சையிலும் இருந்தன. மிஷின் படிக்கவில்லை, மனப்பாடம் பண்ணியிருக்கிறது. என்னைப் போல ஆனந்தப்பட்டு அவமானப்பட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேரோ! சேர் ஒரு முழு வருஷத்துப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பரீட்சைக்கு என்று அலுமாரியில் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோபமே இல்லாமல் சொன்னார்:

"பிள்ளை, கேள்வித்தாளை முதல் நாளே குடுத்துப்போட்டு, பெடியன் நல்ல கெட்டிக்காரன் எண்டு தாய்க்குக் கடிதம் எழுதுறியள்."

மேற்படி

தொரையின் மூன்றுக்கும் அக்காவின் நூறுக்கும் நடுவில் இழுபட்டு, கடைசியில் எடை பன்னிரண்டு மடங்கு என்று முடிவானது. பட்டியல் மறுபடி பெரட்டுக்குப் போனது. முதல் மாசத்திலேயே இரண்டு தடவை 'உண்டு' என்ற மலையில் நிஜமாகவே குளவி கிளம்பியதை ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். அங்கே ஆள் இல்லாததால் கொட்டு வாங்க யாரும் இல்லை. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்கவா வேண்டும்? தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாகூட வணக்கம் வைத்தார்.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். மாரிமுத்து ஐயாவின் பழைய புத்தகங்களில் ஒன்றாம் தேதிக்குக் 'குளவி இல்லை' என்று எழுதி, கீழே முப்பது நாளுக்கும் மேற்படி, மேற்படி என்று இரண்டு இரண்டு கோடாக இழுத்திருந்தார். அவருடைய கையெழுத்தில் நிஜமாகப் பார்த்து எழுதியதும் உண்டு, இருந்த இடத்தில் இருந்து இழுத்ததும் உண்டு. நானோ இரண்டையும் ஒரே மாதிரிதான் ஏற்றியிருந்தேன். இது என்ன ஐயா என்று கேட்டேன்.

"ஒண்ணுமே நடக்காத நாளைக்கி வேற என்னத்த எழுதுறது மிஸ், நடக்கலன்னுதானே எழுத முடியும்?"

ஏழாம் நம்பர் மலை

இதைச் சேரிடம் சொன்னேன். 'உண்டு', 'இல்லை' என்ற வகைக்கு மட்டும் எடை போட்டால் போதாது, ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக எடை போட வேண்டும் என்றார். நாற்பது பேர் நின்று வேலை செய்த மலையில் 'இல்லை' என்பதற்குக் கனம் அதிகம். ரெண்டு பேர் போன மலையில் குறைவு. அன்றன்றைக்கு எந்த மலையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது பெரட்டுப் புத்தகத்தில் இருக்கும். ஒரு காலை எட்டு மணிக்கு அதை விரித்து, ஆள் தொகையை ஏற்ற ஆரம்பித்தேன்.

ஏழாம் நம்பருக்கு வந்தேன். எங்கள் பட்டியலில் மிகமிகப் பத்திரமான மலை அதுதான். எத்தனையோ வருஷப் புத்தகத்தில் ஒரு குளவிகூட இல்லை. வெயில் மாசங்களில் ஆள் தொகை: சைபர். சைபர். அடுத்த வருஷமும் சைபர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளவிக்குப் பேர்போன மலை என்பதால் அந்த மாசங்களில் அங்கே யாரையும் அனுப்பியதே இல்லை. ஆள் போகாததால் கொட்டவில்லை, கொட்டாததால் 'இல்லை'. வேறு தோட்டத்துப் பிள்ளையான எனக்கு அது எப்படித் தெரியும்? இதுவும் வெயில் மாசம்தான், அன்று காலை பெரட்டில் "ஏழாம் நம்பர், இல்லை" என்று வாசித்தது நான்தான். பழைய ஆட்கள் முணுமுணுத்தபோது, கம்பியூட்டர் பார்த்துச் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று முதலில் கூடையைத் தூக்கியவர் பாக்கியம் அக்கா.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். மலையடிக்குப் போனதும் கத்தவும் பயம், சத்தத்துக்குக் கிளம்பிவிட்டால்? மூச்சு வாங்கத் தேயிலை நிரைக்குள் ஏறி, கையை மட்டும் ஆட்டினேன். என் முகத்தைப் பார்த்ததுமே எல்லோரும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்தபடியே சத்தமில்லாமல் இறங்கினார்கள். கீழே ரோட்டுக்கு வந்த பிறகு மாரிமுத்து ஐயா விரலை நீட்டிக் காட்டினார். அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த நிரைக்குப் பத்துப் பன்னிரண்டு செடி மேலே, நிழல் மரத்தில் கூடு, கொழுந்துச் சாக்கு அளவு. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். பாக்கியம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணிப் போத்தலைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். நான் திறந்து கொடுத்தேன். ரெண்டு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"இனிமே இல்லன்னு எழுதுறதுக்கு முந்தி, அங்க யாரு போயி பாத்தாங்கன்னு எழுது தங்கச்சி."

மூன்றாவது பதில்

ஆள் போகாத நாட்களுக்கெல்லாம் எடை சைபர் என்று போட்டோம். அதற்குப் பிறகு ஏழாம் நம்பரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. அதனால் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பதில் சேர்ந்தது: 'தெரியாது'. அந்தப் பதில் விழுகிற மலைக்கு மாரிமுத்து ஐயா ரெண்டு ஆம்பிளை ஆட்களோடு முதலில் போய் மரம் மரமாகப் பார்த்துவிட்டு வருவார். பிறகுதான் பெண்கள் ஏறுவார்கள். சேர் அலுமாரியைத் திறந்து அந்த வருஷத்துப் புத்தகத்தை வெளியில் எடுத்தார். குளவி நாட்களில் அநேகமாக எல்லாவற்றையும் பிடித்துவிட்டோம். ஆனால் வீண் எச்சரிக்கையும் 'தெரியாது'களும் சேர்ந்து மொத்த மார்க்கை எண்பதுக்குக் கீழே தள்ளிவிட்டன. கொழும்பிலிருந்து அறிக்கை பார்க்க வந்த பெரியவர், ரெண்டு வருஷம் ஆராய்ச்சி செய்து மார்க்கைக் குறைத்திருக்கிறீர்களே என்று கேட்டார். "ஓம், குறைச்சிருக்கிறம்" என்று மட்டும் சேர் சொன்னார். அதோடு ஆராய்ச்சியும் முடிந்தது.

நான் மூட்டை கட்டிய வரைக்கும் பாக்கியம் அக்காவை ஒரு குளவியும் தொடவில்லை. புறப்படுகிற அன்று காலையிலும் பெரட்டில் நின்று பட்டியலைக் கேட்டார். அவருடைய மலைக்கு அன்றைக்குத் 'தெரியாது'. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது, கடைசி நாளாவது உறுதியாக ஒன்று சொல்லக்கூடாதா என்று. அக்கா கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு சிரித்தார்.

"தெரியாதத தெரியாதுன்னு சொல்ற ஆளு இந்தத் தோட்டத்துல இம்புட்டு நாளா யாருமே இல்ல தங்கச்சி, ஒங்க மிஷினுதான் மொத ஆளு."

மார்க் குறைந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு பரீட்சைக்குத்தான்.