மூன்றாவது பக்கத்துப் பியானோ

யுத்த காலத்தில் கண்டோன்மெண்டில், சவுத் பரேடு என்ற தெருவில் இருந்த ஒரு கிராமபோன் கடையில் நான் வேலை பார்த்தேன். கேட்டவர்களுக்கு இசைத்தட்டை, பிளேட் என்போம், போட்டுக் காட்டுவது, ஊசி மாற்றுவது, வாங்கியதைக் காகிதம் சுற்றிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் கொஞ்சம் பியானோ படித்திருந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தே போய் வருவேன்.

கடையின் பின்பக்கம் ஐந்தாறு பியானோக்கள் விற்பனைக்கு நின்றன. அவற்றுக்குச் சுருதி சேர்க்கச் செவ்வாய்க்கிழமை காலைகளில் ஒருவர் வருவார். நாற்பதைத் தாண்டியவர். பிரேசர் டவுன்காரர், எங்களைப் போலத் தமிழ்க் கத்தோலிக்கர். சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டலில் சிப்பாய்கள் ஆடுவதற்கு ஜாஸ் வாசிப்பார்; மறுநாள் காலை கோயிலில் ஆர்கன் வாசிப்பார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அந்த ஓட்டலுக்கு நானும் என் அண்ணனோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். கூட்டம் பாடகியைப் பார்த்தது, டிரம்பெட்காரரைப் பார்த்தது. பியானோ இருந்த மூலையை யாரும் பார்த்ததாக ஞாபகமில்லை.

சுருதி சேர்த்து முடித்ததும் அவர் பத்து நிமிடம் தனக்காக வாசிப்பார். அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் வேறு வேலைகளைத் தள்ளிப்போடுவேன். அவருடைய கைகள் சிறியவை. இடது கையில் தூரமாக இருக்கும் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்த எட்டாது. அதனால் கீழ்க்கட்டையை முதலில் தொட்டு, மேல்கட்டைக்கு ஒரு சின்னத் தாவல் தாவுவார். சாக்கடையைத் தாண்டுகிறவர் வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு தாண்டுவதுபோல இருக்கும் அது. வலது கையோ அவசரமே படாது. இரண்டு சுரம் வாசித்துவிட்டுக் காத்திருக்கும். அடுத்தது என்ன வரப்போகிறது என்று நாம் நினைக்க ஆரம்பிக்கும்போது வேறொன்று வரும்.

ஒருநாள் கேட்டேன். "மாஸ்டர், நீங்க வாசிச்சு பிளேட் ஏதும் குடுத்திருக்கீங்களா?"

"குடுத்தேன். அது நல்லா வரல. விடும்மா," என்றார். சுருதி முறுக்கும் சாவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு வாசிக்காமலே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் பிளேட் செய்கிற அரக்குக்குத் தட்டுப்பாடு. பழைய பிளேட் கொண்டுவந்தால்தான் புதியது தருவோம் என்று எங்கள் கடையில் சொல்லிவிட்டார்கள். வந்ததையெல்லாம் சாக்கில் போட்டு, உருக்குவதற்கு அனுப்புவோம். போவதற்கு முன்னால் அவற்றைப் பார்த்து, விற்கக்கூடியதைத் தனியே எடுத்துவைப்பது என் பொறுப்பு. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தது. அதில் ஒரே நடனக் குழுவின் பிளேட்டுகள் இரண்டு இருந்தன, மொத்தம் நான்கு பக்கம். லேபிளில் குழுத்தலைவர் பெயரும் பாடகியின் பெயரும் மட்டும் இருந்தன. கீறல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதல் பிளேட்டைப் போட்டேன்.

பாட்டு ஆரம்பித்துப் பத்து எண்ணுவதற்குள் தெரிந்துவிட்டது. கீழ்க்கட்டை, சின்னத் தாவல், மேல்கட்டை. கொம்பு வாத்தியங்களுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் கேட்டாலும் அது அவர் கைதான். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரம் முழுக்க நான்கு பக்கங்களையும் திரும்பத் திரும்பப் போட்டேன். மூன்றாவது பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் பியானோ எதிர்பாராமல் ஓங்கி ஒன்று அடிக்கும். தூங்கிக்கொண்டிருந்த பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"அத ஒடச்சி சாக்குல போட்டுரு," என்றார்.

"ஏன் மாஸ்டர்?"

அவர் பியானோ முக்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழுவோடு கல்கத்தாவுக்குப் போயிருக்கிறார். மூன்றாவது பக்கம் பதிவாகும்போது நடுவில் தாளக் கணக்குத் தப்பி, சம்பந்தமில்லாத இடத்தில் ஓங்கி அடித்துவிட்டாராம். மறுபடி எடுக்க நேரமில்லை. குழுத்தலைவர் எல்லார் முன்னாலும் திட்டி, அன்றைக்கே அவரைத் தனியாக ரயிலேற்றி அனுப்பிவிட்டார். பிளேட் வெளிவந்தது. இவர் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தெருவில் ஏதாவது வீட்டில் அந்தப் பாட்டு கேட்டால், சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவாராம்.

"அப்புறம் பம்பாய்லேர்ந்து ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க, பிளேட் குடுக்க வான்னு. முடியாதுன்னுட்டேன். இன்னா மூஞ்ச வெச்சிகினு போறது?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "நான் நாலு தபா கேட்டேன் மாஸ்டர். எனக்குத் தப்பு ஒண்ணும் தெரியல. எங்கன்னு நீங்களே காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நானே ஒடச்சிடறேன்."

பிளேட் கேட்பதற்கென்று கடையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே வந்தார், ஆனால் உட்காரவில்லை. கதவின் பிடியில் கை வைத்துக்கொண்டே நின்றார். நான் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ஊசியை இறக்கினேன்.

முதல் சரணம் முடிந்தது. கொம்புகள் ஊதின. அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். பியானோ ஓங்கி அடித்தது, பாட்டு தொடர்ந்து போயிற்று. அவர் கண்ணைத் திறந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னொரு வாட்டி போடும்மா."

இரண்டாவது தடவை கதவை விட்டுவிட்டு, விரலால் மேஜையில் தட்டி எண்ணினார். எட்டு வரவேண்டிய இடத்தில் ஆறிலேயே அந்த விரல் நின்றது.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது தடவை எனக்கும் கேட்டது. பாடகி இரண்டு எண்ணிக்கை முன்னாலேயே பாட ஆரம்பித்துவிட்டாள். கொம்புகள் எங்கே போவதென்று தெரியாமல் ஒரு கணம் குழம்புகின்றன. பியானோ மட்டும் அவளோடு தாவி, ஓங்கி ஒன்று அடித்து, இதுதான் இடம் என்று மற்றவர்களுக்குக் காட்டுகிறது. அடுத்த நொடி எல்லாரும் ஒன்றாகிவிடுகிறார்கள். பாட்டு கவிழ்ந்துபோகாமல் பிழைத்தது அந்த ஒரு அடியால்தான். குழுத்தலைவர் காதில் அந்தச் சத்தம் மட்டும் விழுந்திருக்கிறது.

"அவ முந்திட்டா," என்றார் மாஸ்டர். அப்புறம், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "அவதான் முந்திட்டா. நான் புடிச்சிருக்கேன்."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்காமல் இரண்டு கைகளையும், ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கு வெளியே முதலாளி நின்றுகொண்டிருந்தார். சாக்குக்குப் போகவேண்டிய பிளேட்டை வைத்து விளையாடுகிறேன் என்று திட்டப்போகிறார் என நினைத்துப் பயந்துபோனேன். கதவைத் திறந்து, "யார் வாசிச்சது?" என்று கேட்டார். நான் மாஸ்டரைக் காட்டினேன். முதலாளி குனிந்து பிளேட்டின் லேபிளைப் பார்த்தார்.

"எத்தன பிளேட்?"

"ரெண்டு, சார்."

"ரெண்டு பிளேட் கொறஞ்சா யுத்தத்துல ஒண்ணும் தோத்துட மாட்டாங்க. எடுத்துக்கச் சொல்லு."

மாஸ்டர் மூன்றாவது பக்கம் இருந்த பிளேட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றதை நீயே வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பத்து நாள் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தார். ஊசி வாங்க வந்ததாகச் சொன்னார். யாரோ பழைய கிராமபோன் ஒன்று கொடுத்தார்களாம். ஊசியை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை.

"நீதானே அந்தப் பொண்ணு? இன்னா பண்ணியோ தெரியாது. வீட்ல பிளேட்டு போட்டு அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டி உக்காத்தி வெக்கிறாரு. இங்க கேளு, இங்க கேளுன்னு கைய புடிச்சி காட்றாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல, ஆனா எல்லாம் தலையாட்டுது." சிரித்துக்கொண்டே சொன்னார், கண் கலங்கியிருந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி எப்டி இருந்தாரோ அப்டி இருக்காரு."

மறுவருஷம் பம்பாயிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. போனார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்து, வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை காலை பையோடு கடைக்குள் நுழைந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா வந்துச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டு, முதல் பியானோவின் மூடியைத் திறந்தார்.

அந்தப் பம்பாய் பிளேட்டிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் அதில் பாட்டுக்கு நடுவே எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். அரை நிமிடம் பியானோ மட்டும் தனியாக வரும். நான் அதைக் கடையில் எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கேட்டவர்களில் சிலர், "இது யாரு வாசிக்கிறது?" என்று கேட்பார்கள். "பிரேசர் டவுன்ல இருக்காரு. செவ்வாக்கெழம காலையில வந்தீங்கன்னா பாக்கலாம்," என்பேன். அப்படி இரண்டு பேர் வரவும் வந்தார்கள்.