மாமா என்றுதான் கூப்பிட்டேன்

பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்துப் பார்த்துவிட்டு, அதற்கும் கேட்காமல் டாக்டரிடம் போய், அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு என் முன்னால் வந்து உட்காருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியன் வேலை எனக்கு. ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தால் சிலருக்கு உடம்பில் ரத்தமே இருக்காது, சிலருக்குத் தைராய்டு, மீதிப் பேருக்கு மாமியார். பேய் என்று ரிப்போர்ட்டில் ஒருநாளும் வந்ததில்லை. இதைச் சொல்கிறவள் அப்படிப்பட்டவள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிரிக்கலாம், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இன்னொன்று, நான் லேசில் யாரையும் நம்புகிறவளும் இல்லை. மீன்காரம்மாவின் தராசுத் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மீனையே பார்ப்பேன்.

2009ஆம் வருடம், காலாண்டுப் பரீட்சை லீவு. லேப்பில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு ஒருநாள் டூர் போகலாம் என்று முடிவானது. கல்வராயன் மலைப் பக்கம் காட்டுக்குள் ஒரு அருவி, வேன் அவர்களுடையது, சாப்பாடு அவர்களுடையது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதற்குக் கைடும் உண்டு என்று டூர்காரர் சொன்னார். அருவியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். யாராவது போய்த் தேடுவீர்கள்.

என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்றார். காரணம் தண்ணீர். நாங்கள் இரண்டு பேருமே கடற்கரைக் குடும்பம்தான், எனக்குக் கிள்ளை, அவருக்குக் கடலூரை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம். சுனாமி அலை வந்த காலையில் அவரும் அவருடைய அண்ணன் சேகரும் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். இவர் ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் அண்ணனைப் பிடித்திருந்தார். அந்தக் கைதான் விட்டுப்போயிற்று. சேகர் உடம்பு கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு குடும்பம் கடலைப் பார்க்காத தூரத்தில் செம்மண்டலத்தில் வாடகைக்கு வந்தது, இவர் சிதம்பரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார், எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆனது அதற்கப்புறம்தான். தினமும் பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மீனைத் தொடமாட்டார். தூக்கத்தில் கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்துக் கத்திக்கொண்டு எழுந்திருப்பார், நான் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இந்த மனுஷன் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்க மாட்டாரா என்பதுதான் அப்போது என்னுடைய ஒரே வேண்டுதல்.

"கடல் வேற அருவி வேற மாமா, அது மேலேர்ந்துதான வுழுவுது" என்று நச்சரித்தேன். "சரி, வரேன். பைய பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன், தண்ணில எறங்குன்னு மட்டும் சொல்லாத புள்ள" என்றார். அந்த ஒப்பந்தத்தில்தான் கிளம்பினோம்.

கைடு மலையடிவாரத்தில் ஏறினான். முப்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, கையில் ஒரு மூங்கில் கழி. கழுத்தில் தொங்கிய அட்டையை நான் வாங்கிப் பார்த்தேன், போட்டோவில் மீசை இல்லை, எதிரில் நின்றவனுக்கு மீசை இருந்தது. அப்போதே எனக்கு அவன் மேல் நம்பிக்கை வரவில்லை. வேன் நின்ற இடத்திலிருந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். நடக்கும் முன் எல்லோரையும் நிறுத்தி, பிளாஸ்டிக் போடாதீர்கள், வழுக்கும், குரங்குக்குத் தின்னக் கொடுக்காதீர்கள் என்று மனப்பாடமாக ஒப்பித்தான். கடைசியில் ஒன்று சொன்னான்.

"அருவி கிட்ட போனா காது அடச்சிக்கும். யாரையாவது காணோம்னா பேரச் சொல்லிக் கூப்புடுங்க. மாமா, மச்சான்னு மொற வச்சிக் கூப்புடாதீங்க."

"ஏம்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மொற சொன்னா யாரு வேணா திரும்புவாங்க சார். நம்மாளுங்க மட்டுமா இருக்காங்க இங்க."

வேன் கூட்டம் சிரித்தது, ஏனென்றால் அதில் பாதிப் பேர் பாதிப் பேருக்கு மச்சான். நானும் சிரித்தேன். டூரிஸ்ட்காரர்களைப் பயம் காட்டினால் கூடுதலாகக் காசு தேறும் என்று இவன் கதை கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன்.

அருவி நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. உயரமான கறுப்புப் பாறை, அதிலிருந்து வெள்ளையாக இறங்கும் தண்ணீர், கீழே குளம் போல் தேங்கி நின்றது. ஆண்களும் பெண்களும் தனித்தனியாக இறங்கினோம். இவர் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில், அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாருடைய பைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் குளித்தேன். ஒரு தடவை தலையை முழுக்க நனைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பைகள் இருந்தன, அவர் இல்லை.

ஒதுங்கப் போயிருப்பார் என்று பார்த்தேன். வரவில்லை. மரத்தடிக்கு ஓடினேன். செருப்பு அங்கேயே கிடந்தது, செல்போன் பை மேல் வைத்தபடி இருந்தது. செருப்பில்லாமல் முள்காட்டில் எங்கே போவார்? ஆண்கள் பக்கம் விசாரித்தேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. முதலில் எனக்குக் கைடு மேல்தான் சந்தேகம் வந்தது, ஏதாவது விளையாட்டுக் காட்டுகிறானோ என்று. ஆனால் அவன் முகமும் வெளுத்திருந்தது. "பேரச் சொல்லிக் கூப்புடுங்க அக்கா, சத்தமா" என்றான்.

கரையில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. நீங்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். படித்தவள், வேலைக்குப் போகிறவள், எல்லாம் சரிதான், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டை நீட்டி "நீங்களே பாத்துக்குங்க" என்பேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். இங்கேயும் நான் அதை எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஈரப் புடவையோடு நின்றுகொண்டு, பயத்தில் என் நாக்குக்குத் தெரிந்த வார்த்தைதான் வந்தது. மாமா என்று கத்தினேன். திரும்பத் திரும்ப அதையேதான் கத்தினேன். கைடு என் பக்கத்தில் வந்து "வேணாங்க்கா, வேணாம்" என்று கழியை ஆட்டினான், நான் நிறுத்தவில்லை.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து வந்தார். நம்பினால் நம்புங்கள். பக்கத்திலிருந்து அல்ல, விழுகிற தண்ணீருக்குப் பின்னாலிருந்து, திரையை விலக்கிக்கொண்டு வருகிற மாதிரி, சட்டை பேண்ட்டோடு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. குளத்தில் விழுந்து கையை வீசி நீந்தி என்னிடம் வந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க மாமா போன?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கூப்புட்டியே, அதான் வந்தேன்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள், பயம் தெளிந்துவிட்டது என்று அவர் முதுகில் தட்டினார்கள். கைடு மட்டும் தட்டவில்லை. பின்னால் ஏதாவது குகை இருக்கிறதா என்று அவனைத் தனியாகக் கேட்டேன். "ஒரு ஆளு நிக்க எடம் கெடையாதுக்கா, வெறும் பாறைதான்" என்றான். திரும்பி நடந்தபோது எல்லோருக்கும் முன்னால் போய்விட்டான், என் வீட்டுக்காரரை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அடிவாரத்தில் இறங்கியவன் கையைக்கூட நீட்டாமல் போனான். காசுக்காகக் கதை கட்டுகிறவன் என்றால் காசை வாங்கியிருக்க வேண்டுமே என்று அப்போதுதான் முதல் தடவையாக உறுத்தியது.

வேனில் இவர் ஜன்னல் ஓரத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். பண்ருட்டிக்கு முன்னால் கெடிலம் பாலம் வந்தபோது தலையை வெளியே நீட்டி ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், கதவைத் திறந்தார். இவர் உள்ளே நுழைந்துகொண்டே, "யம்மோவ், பசிக்குது. மீன் கொழம்பு இருக்கா?" என்றார்.

அவர் எப்போதும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். யம்மோவ் என்று அந்த வீட்டில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அத்தை கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு எனக்கும் தனக்குமாக வைத்திருந்த காரப்பொடி மீன் குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். இவர் உட்கார்ந்து, முள்ளோடு மென்று, சட்டியை வழித்துச் சாப்பிட்டார். அத்தை எதிரில் குந்திக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்.

சமையலறையில் அருவியில் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னான்னு கூப்புட்ட?"

"மாமான்னுதான் அத்த."

"சேகரும் ஒனக்கு மாமா மொறதான" என்றார். அழுத மாதிரியும் இருந்தது, அழாத மாதிரியும் இருந்தது. அதோடு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். புருஷனுக்கு அண்ணன் என்றால் எங்களில் அவரும் மாமாதான், அது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்குப் படுக்கும்போது என் பாயை எடுத்துக் கூடத்தில் தன் பாய்க்குப் பக்கத்தில் விரித்து, "நீ இங்க படு" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. மகனும் கேட்கவில்லை. உள்ளே படுத்த மனுஷன் விடியும்வரை ஒரு சத்தமில்லாமல் தூங்கினார். நான்தான் விழித்துக்கொண்டிருந்தேன்.

நான் சும்மா இருக்கிறவளா? மறுநாளே சுகர் பார்க்கிறேன் என்று சொல்லி அவர் கையில் குத்தி ரத்தம் எடுத்தேன். குரூப்பும் போட்டுப் பார்த்தேன். பழைய ரிப்போர்ட்டில் இருந்த அதே ஓ பாசிட்டிவ்தான். சாயங்காலம் வரை நிம்மதியாக இருந்தேன், பிறகுதான் உறைத்தது, அண்ணன் தம்பிக்கு ஒரே குரூப் இருப்பது ஒரு அதிசயமா? முழங்காலில் இருந்த தழும்பைப் பார்த்தேன், இருந்தது. கடைக்குப் போனார், செல்போனைப் பிரித்து மாட்டினார், எங்கள் கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் சரியாகச் சொன்னார். உடம்பு அவருடையது, நினைப்பும் அவருடையது. பயம் மட்டும்தான் போயிருந்தது. ஒரு மனுஷனிடமிருந்து பயம் மட்டும் தனியாகக் கழன்று போகுமா, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் உள்ளதான் படுப்பேன் அத்த" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனேன். அத்தை தடுக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தாலி கட்டியவர் பக்கத்தில் படுக்க எனக்கென்ன தயக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இருந்தாலும் தயக்கம் இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

டிசம்பர் இருபத்தாறு வந்தது. வருடா வருடம் அன்றைக்குக் காலையில் குப்பத்து ஜனங்கள் கரையில் நின்று கடலில் பால் ஊற்றுவார்கள். அத்தை ஒவ்வொரு வருடமும் போவார், மார்பில் அடித்துக்கொண்டு சேகரு சேகரு என்று கூப்பிட்டு அழுவார், நாலு பெண்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு வருடமும் வந்ததில்லை. அந்த வருடம் அவரே முன்னால் கிளம்பினார்.

கரையில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில். அத்தை எங்களுக்கு முன்னால் இறங்கி, சொம்பிலிருந்த பாலை அலையில் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தார். சேகர் பெயரை அல்ல. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, என் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் மகனின் பெயரைச் சொல்லி, கடலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

சுற்றி நின்றவர்கள் கிழவிக்குத் துக்கத்தில் பெயர் மாறிப்போச்சு என்றார்கள். என் பக்கத்தில் நின்றவர் தன் பெயருக்குத் திரும்பக்கூட இல்லை. கொஞ்ச நேரம் அழவிட்டார், பிறகு தண்ணீரில் நடந்து போய் அத்தையின் தோளில் கையைப் போட்டார்.

"போதும் யம்மோவ்" என்றார். "அவனுக்குக் கேட்டிருக்கும்."

இன்றைக்கும் நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கிறோம். நல்ல மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். யாருக்குக் கேட்டிருக்கும் என்று மட்டும் நான் அவரிடம் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.