வயரை மாட்டியது நான்தான்

எனக்கு முன்கோபம் உண்டு. வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்த முதல் மாதம், பொம்பளப் புள்ள ராவினால் இரும்பு தேயுமா என்று ஒருத்தன் கேட்டான். கையிலிருந்த அரத்தின் கைப்பிடியாலேயே ஒரு போடு போட்டேன். புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பிரின்சிபால் அறை வாசலில் இரண்டு நாள் நிற்க வைத்தார்கள். அறுபது பேர் வகுப்பில் பெண்கள் நாலே பேர். அன்றைக்கு அடிக்காமல் விட்டிருந்தால் மூன்று வருஷத்தை ஓட்டியிருக்க முடியாது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

பட்டறையும் சாதுவான இடமில்லை. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து, அதை முறுக்கும் சாவியை எடுக்காமல் ஒருத்தன் மெஷினைப் போட்டான். சாவி பறந்து வந்து பக்கத்து மெஷின்காரனின் முன்பல் இரண்டைக் கொண்டுபோயிற்று. அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். ரத்தத்தின் மேல் மரத்தூளைக் கொட்டிக் கூட்டினார்கள். அடுத்த பேட்ச் உள்ளே வந்தது.

கடைசி வருஷத்தில் ஒரு பேப்பர் இருந்தது. வேலைகள் மாறிக்கொண்டே இருக்கும், அதற்கு எப்படித் தயாராவது, படித்தவனுக்குச் சமூகப் பொறுப்பு என்றால் என்ன என்றெல்லாம் அதில் வரும். முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். 'எந்தப் பாதுகாப்புக் கருவியையும் முடக்கக் கூடாது' என்பது மூன்றாவது பாயிண்ட். அதைக் காலைப் பரீட்சையில் எழுதிவிட்டு மத்தியானம் லேபுக்குப் போவோம். அங்கே ஒரு மெஷின், கதவு மூடினால்தான் ஓடும். கதவின் ஸ்விட்ச் கெட்டுக் கிடந்தது. புதுசு வாங்க ஃபைல் நகர வேண்டும். அதனால் ஒரு துண்டு வயரை ஸ்விட்சின் இரண்டு முனைக்கும் சேர்த்துக் கட்டிவிடுவோம். கதவு மூடியிருப்பதாக மெஷின் நம்பிக்கொள்ளும். ஜம்பர் போடுவது என்று அதற்குப் பெயர். யார் சீக்கிரம் போடுகிறார்களோ அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். வகுப்பிலேயே நான்தான் வேகம். லேப் சார் மற்றவர்களிடம் என் கையைக் காட்டிக் காட்டிப் பேசுவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் கதையில் கறிக்கு உதவியதுதான் நஞ்சாகப் போனது.

படித்து முடித்ததும் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஃபேனுக்கும் மிக்சிக்கும் தகட்டில் பாகங்கள் அடிக்கும் இடம். மெஷின் ஓட்டுபவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களில் ஒரு அக்கா கடற்கரைக் கிராமத்திலிருந்து பஸ் மாறி வருவாள். முன்பு கூடை சுமந்து மீன் விற்றவள். புருஷன் கடலில் முதுகு அடிபட்டு வீட்டோடு கிடந்ததால், மாதம் பிறந்தால் சம்பளம் என்று மெஷினுக்கு மாறியிருந்தாள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் திட்டினால் மேனேஜரே நாலடி தள்ளி நிற்பான்.

அவளுடைய பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கை உள்ளே மாட்டாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஒருநாள் காலையில் வலது பட்டன் செத்துவிட்டது. புதுசு சென்னையிலிருந்து வர வேண்டும். சாயங்காலம் லாரி ஏற வேண்டிய சரக்கு பாதிகூட ஆகவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பழியை அவர் தலையில் போட்டிருப்பேன். நானாகத்தான் மெஷினின் கரண்ட் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு சிவப்பு வயரை மாட்டிவிட்டு, "அக்கா, இனிமே ஒரு கை போதும், எடது பட்டன் மட்டும் அமுக்கு" என்று சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

மீன் அறுத்துப் பழகிய கை. வலது கை தகட்டை வைக்கும், இடது கை பட்டனைத் தட்டும். பதினோரு மணி டீ வருவதற்குள் அவள் ஓட்டம் மற்ற எல்லாரையும் தாண்டிவிட்டது. டீக்காரன் வந்த நேரம், வைத்த தகடு கோணலாக இருந்ததோ என்னவோ, வலது கை அதைச் சரிசெய்ய உள்ளே போயிருக்கிறது. இடது கை பழக்கத்தில் தட்டிவிட்டது. அச்சு இறங்கிய சத்தத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அக்கா கத்தவும் இல்லை. கையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நாலும் தகட்டோடு சேர்ந்து நசுங்கி, எது இரும்பு எது சதை என்று தெரியாமல் அச்சில் ஒட்டிக்கொண்டிருந்தன. என் துப்பட்டாவால் கையைச் சுற்றினேன். சுற்றச் சுற்ற ரத்தம் ஊறி வெளியே வந்தது. நான் வாந்தி எடுத்தேன்.

அக்காவை ஏற்றிய வண்டி கேட்டைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் முதலாளி பெட்டியைத் திறந்து சிவப்பு வயரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஆபரேட்டர் தானாகவே வயரை மாட்டிக்கொண்டாள், கேட்டால் அதையே சொல் என்றார். நான் தலையாட்டினேன். மறைப்பானேன், எனக்குப் பயம். உண்மையைச் சொன்னால் முதல் குற்றவாளி நான்தானே.

நாலாம் நாள் மனசு கேட்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வயரை மாட்டியது நான்தான் என்று, விசாரிக்க வரும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ மாட்டுனத பாத்துக்கினுதானே பாப்பா இருந்தேன். எல்லாம் தெரியும். நானே பண்ணிக்கினேன்னு எடது கையால கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டேன். கேட்டாண்ட ஒக்கார வெக்கிறேன், சாவுற வரைக்கும் வேலைன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. நீ நல்லவ ஆவணும்னு அதுல மண்ண அள்ளிப் போட்றாத."

சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவள் கை, அவள் வாழ்க்கை, அவளே வேண்டாம் என்கிறாள், நான் யார் இடையில் என்று நினைத்தேன். அப்பாடா என்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். ஆபீஸ் அறையில் முதலாளி அவருக்கு டீ கொடுத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் நோட்டை எடுத்து வரச் சொல்லி என்னை ஷெட்டுக்குள் அனுப்பினார். போனேன். அதே பிரஸ்ஸில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடது கை பட்டனைத் தட்டுகிறது. வலது கை உள்ளே போய் வருகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். இந்தத் தடவை பச்சை வயர். பட்டன் இன்னும் சென்னையிலிருந்து வரவில்லை. இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார் என்று முதலாளிக்கு அவ்வளவு நம்பிக்கை.

கையை எடு என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். மொத்த ஷெட்டும் நின்றது. மேனேஜர் பாய்ந்து வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஒன்று விட்டான். அச்சு மாற்றும் ஸ்பேனர் மேஜை மேல் இருந்தது. எடுத்து அவன் முழங்கையில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் கீழே விழுந்த பிறகும் தோளில் இன்னொன்று போட்டேன். அந்த இரண்டாவது அடிக்கு நியாயமே கிடையாது. அக்காவின் விரல், முதலாளியின் பாக்கெட், என் வாந்தி, எல்லாவற்றையும் சேர்த்து அடித்தேன். சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். பச்சை வயரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்து, இதற்கு முன்னால் இருந்தது சிவப்பு, அதை மாட்டியது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

கம்பெனியை மூடினார்கள். அக்காவுக்குச் சொன்ன கேட் வேலையும் அதோடு போனது. என் மேல் இரண்டு கேஸ், வயருக்கு ஒன்று, ஸ்பேனருக்கு ஒன்று. தட்டாஞ்சாவடியில் எந்த கேட்டிலும் என்னை உள்ளே விடவில்லை. ஆறு மாதக் கோர்ஸ் ஒன்று படித்து, இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். நல்ல வேலை. வேலைகள் மாறும், தயாராக இருக்க வேண்டும் என்று எழுதி மார்க் வாங்கியவள், அதே மாதிரி மாறிக்கொண்டேன். அக்காவின் நஷ்டஈட்டு வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவாக நகர்கிறது.

போன மாதம் முதலியார்பேட்டை பக்கம் மீன் வாங்க நின்றபோது அக்காவைப் பார்த்தேன். தரையில் சாக்கு விரித்து மீன் வைத்திருந்தாள். பக்கத்துக் கடைகளில் எல்லாம் அரிவாள்மனை இருந்தது, இவளிடம் இல்லை. வருகிறவர்கள் அறுத்துத் தருவாயா என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். நான் எதிரே போய்க் குந்தினேன். எப்படி இருக்கே அக்கா என்று கேட்டுத் தொலைத்தேன். எழுந்து, இடது கையால், அத்தனை ஜனத்துக்கு நடுவில் என்னை அறைந்தாள். காது அடைத்துக்கொண்டது.

"ஒனக்கு வேற வேலை கெடச்சிருச்சி. எனக்கு வேற கை கெடச்சுதா?"

முதல் தடவையாக என் கை எழவில்லை. அந்தப் புதுப் பெண்ணுக்குப் பத்து விரலும் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அதை இவளிடம் எப்படிச் சொல்வேன்? யாரோ ஒரு அம்மா வந்து சங்கரா மீனை அறுத்துத் தருவாயா என்று கேட்டாள். இல்லை, முழுசாகத்தான் என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தாள்.