மணி அடிக்க முடியாத ஜெபம்

கிழக்கு ஆப்பிரிக்காவில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ம்பாலே நகரத்தில் வனாலே நட்புச் சேவைச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் பகல் ஒரு மணிக்கு ஓட்டலில் கூடுவோம். ஒரு மணி என்றால் ஒன்றரை. முடிவது மட்டும் இரண்டென்றால் இரண்டுதான், அதில் ஒரு நிமிடம் பிசகாது. உறுப்பினர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள், பெரிய மனிதர்களுக்கு இரண்டு மணிக்கு மேல் வேலை இருக்கும். கூட்டத்தை முடிக்க மணி அடிப்பது செயலாளர். அந்தச் செயலாளர் நான். அச்சகம் வைத்திருக்கிறேன். சங்கத்தின் பதாகைகளைக் குறைந்த விலைக்கு அடித்துத் தருவதால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான்.

நான் சொல்ல வந்தது பெனினா கயின்சாவைப் பற்றி. மலைமேல் புவாங்காலா என்ற ஊரில் இருக்கும் பிரசவ விடுதியில் இருபத்திரண்டு வருடமாகத் தாதி. என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார். அந்த மலையில் இருபது வயதுக்குக் கீழே உள்ள எந்தப் பையனும் சிஸ்டரைப் பார்த்தால் தலை குனிந்துதான் போவான், தன்னைத் துணியில்லாமல் முதன்முதலில் பார்த்தவர் அவர் என்ற கூச்சம். கணவர் காப்பி பயிரிடுகிறார். வீட்டில் சிஸ்டர் பேசுவதைக் கேட்பதே தனக்கு முழுநேர வேலை, காப்பி இரண்டாவதுதான் என்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சிஸ்டர் ஜெபம் செய்ய எழுந்தால், விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவருடைய விடுதிக்குப் பெரிய தகரக் கூரை. அந்த மலையில் மழைக்குப் பஞ்சமே இல்லை, கூரையில் விழுந்து சரிந்து சேற்றில் போகும். பிடித்து வைக்கத் தொட்டி கிடையாது. பிள்ளை பெற வருகிற பெண், வயிற்றோடு இரண்டு கேன் தண்ணீரும் சுமந்துகொண்டு வர வேண்டும். ஒரு தொட்டி வேண்டும், அவ்வளவுதான் சிஸ்டர் கேட்க வந்தது.

எங்கள் சங்கத்துக்குப் பேச்சாளர் பிடித்து வருவது வக்கீல் கிடுடு. அறிமுக உரையும் அவரே, நன்றியுரையும் அவரே. சிஸ்டரை அழைத்து வந்தவரும் அவர்தான்.

முதல் செவ்வாயன்று சிஸ்டர் வெள்ளைச் சீருடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் நான்காக மடித்த தாள். நாங்கள் நாட்டுக்கு ஒரு கீதம் பாடினோம். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஒரு கீதம் பாடினோம். சங்கத்துக்கு ஒரு பாட்டு. பிறகு எங்கள் உறுப்பினரான பாதிரியார் ஜெபம் செய்தார். மட்டோக்கே என்கிற வாழைக்காய் மசியல், கோழிக்குழம்பு, நிலக்கடலைச் சாற்றில் மூங்கில் குருத்து எல்லாம் வந்தன. சாப்பாட்டுக்கு நடுவே விருந்தினர் ஒவ்வொருவராக எழுந்து நிற்க, ஒவ்வொருவருக்கும் 'ஒரு கிலோ' கைத்தட்டு. தாளம் தவறாமல் தட்டி, கடைசியில் எல்லாரும் ஒரே அடியாக முடிக்க வேண்டும். ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து தட்டுவோம். அன்று மூன்று முறை பிசகியது.

அதற்கப்புறம் கிடுடு சிஸ்டரை அறிமுகம் செய்தார். சிஸ்டர் ஆரம்பப் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணிலிருந்து தொடங்கினார். சிஸ்டர் எழுந்தபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வந்திருக்கிற பெரியவர்களே, எங்க ஊர்ல..."

நான் மணி அடித்தேன். சட்டம் சட்டம்தான். உடனே கிடுடு எழுந்து, காலையிலேயே எழுதி வைத்திருந்த நன்றியுரையைப் படித்தார்.

"சிஸ்டர் இன்னைக்கு ஆற்றிய ஆழமான உரை நம்ம எல்லார் கண்ணையும் திறந்துடுச்சு."

சங்கத்தின் சின்னம் போட்ட கோப்பை ஒன்றைக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த வாரம் கட்டாயம் வரச் சொன்னோம். இரண்டாம் வாரம் மாவட்ட அதிகாரி ஒருவர் வழியோடு போகிறவர் உள்ளே வந்து, இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று இருபது நிமிடம் பேசினார். மூன்றாம் வாரம் சொரோட்டி ஊர்ச் சங்கத்தார் வந்து எங்களோடு கொடி மாற்றிக்கொண்டார்கள், படம் சரியாக விழவில்லை என்று திரும்பவும் மாற்றிக்கொண்டார்கள். நான்காம் வாரம் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா இல்லையா என்று அதே ஒலிபெருக்கியில் விவாதித்தோம். நான்கு முறையும் மணி அடித்தவன் நான். நான்கு முறையும் கோப்பை கொடுத்தோம்.

நான்காம் வாரம் மாடிப்படியில் சிஸ்டர் என்னை நிறுத்தினார்.

"கோப்பை நாலு ஆச்சு சார். ஊத்தத்தான் தண்ணி இல்ல."

"அடுத்த வாரம் கட்டாயம் பேசிடலாம் சிஸ்டர்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. ரெண்டு மணிக்கு வாடகை பைக்ல ஏறினா வீடு போய்ச் சேர பொழுது சாஞ்சிடுது. அந்த நேரத்துல வலி எடுத்து ஒருத்தி வந்தா யாரு பாக்கிறது?"

"நான் என்ன பண்றது? ரெண்டு ஆனா அடிச்சாகணுமே."

"எதுக்குமே அடிக்காம விட்டதில்லையா?"

யோசித்துப் பார்த்தேன். "ஜெபத்துக்கு நடுவுல அடிச்சதில்ல. ஆண்டவரைப் பாத்து மணி அடிக்க முடியுமா?"

"அப்படியா," என்றார். அப்படியே இறங்கிப் போனார்.

ஐந்தாம் செவ்வாய் பாதிரியார் வரவில்லை, கம்பாலாவில் ஏதோ கல்யாணம். இன்றைக்குச் சாப்பாட்டு ஜெபத்தை நான் செய்யட்டுமா என்று சிஸ்டர் கேட்டதும் கிடுடுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கண்ணை மூடினோம். மேசையில் சோற்றில் ஆவி பறந்தது. அப்போது மணி ஒன்று முப்பத்தைந்து.

"பரலோகத்தில் இருக்கிற மாண்புமிகு ஆண்டவரே," என்று தொடங்கினார் சிஸ்டர். அந்தக் குரலை நான்கு வாரமாக அவர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. பிரசவ வேதனையில் கிடக்கிற பெண்ணை அதட்டி எழுப்புகிற குரல் அது. "உமக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வாய்விட்டுச் சொல்றேன், ஏன்னா இங்க நிக்கிறவங்களுக்குத் தெரியாது."

"ஆமென்," என்றார்கள் எல்லாரும், பழக்கத்தில்.

"புவாங்காலாவுல மழை கொடுக்கிறீர், ஸ்தோத்திரம். கூரை கொடுத்தீர், ஸ்தோத்திரம். ரெண்டுக்கும் நடுவுல தொட்டி ஒண்ணுதான் பாக்கி."

"ஆமென்."

"போன மாசம் ஒருத்தி ரெண்டு கேன் தண்ணியோட சேத்துல வழுக்கி விழுந்தா. பிள்ளைய நீர் காப்பாத்தினீர். தண்ணி போச்சு."

இதற்கு ஆமென் கொஞ்சம் மெதுவாக வந்தது. மழை வருகிற நேரம், வண்டி ஏற முடியாத இடம், விடுதியில் எத்தனை கட்டில், எத்தனை வாளி, எல்லாவற்றையும் சிஸ்டர் ஆண்டவருக்கு விளக்கினார். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பது. கோழிக்குழம்பின் மேல் எண்ணெய் படர்ந்து உறைந்துவிட்டது. என் கை மணியின்மேல் இருந்தது, அடிக்கத் துணிவு வரவில்லை.

"இப்போ எங்க தலைவர் வொனியாலாவுக்காக ஜெபிக்கிறேன் ஆண்டவரே."

வொனியாலா கட்டடச் சாமான் கடைக்காரர். தன் பெயர் கேட்டதும் நிமிர்ந்து நின்றார்.

"அவர் கடை முற்றத்துல கருப்பா மூணு தொட்டி ரெண்டு வருஷமா விக்காம நிக்குதே, அதைப் பார்த்தருளும். அதோட நிழல்ல ஆடுங்க படுத்துக்கிடக்கு. ஆட்டுக்குக் கிடைக்கிற நிழல்ல ஒரு பங்கு எங்க அம்மாக்களுக்கும் கிடைக்கட்டும். ஒண்ணே ஒண்ணு போதும். சனிக்கிழமை பாதை காஞ்சிருக்கும். சனிக்கிழமைன்னு அவர் மனசுல எழுதும்."

"ஆமென்!" ஓட்டல் சமையல்காரர்கள்கூடச் சொன்னார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது வொனியாலா.

"செயலாளர் கையைப் பாரும் ஆண்டவரே. மணி அடிச்சே பழகின கை. அந்தக் கைக்கு ஆணி அடிக்கவும் சொல்லிக்கொடும்."

நானும் ஆமென் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது?

ஜெபம் முடிந்தபோது இரண்டு ஆகிவிட்டது. சிஸ்டர் என்னைப் பார்த்து, "அடிங்க சார்," என்றார். அடித்தேன். வொனியாலா அப்போதுதான் விழித்துக்கொண்டவர் மாதிரி சுற்றிப் பார்த்தார்.

"இப்ப நான் எதுக்கு ஆமென் சொன்னேன்?"

"தொட்டிக்கு, தலைவரே," என்றார் கிடுடு.

"பழக்கத்துல சொல்லிட்டேன்யா!"

"அறுபது பேர் சாட்சி இருக்கு. மேல்முறையீடு பண்றதுன்னா நீங்க நேரா மேலதான் போகணும்."

அன்று எல்லாரும் ஆறிய சோற்றைத் தின்றோம். சிஸ்டர் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை லாரி மலை ஏறியது. பாதி தூரத்துக்கு மேல் ஏறவில்லை. பெரிய மனிதர்கள் பதினைந்து பேர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டியை உருட்டிக்கொண்டே போனோம். கூரைக் குழாய்க்கு ஆணி அடித்ததில் என் கட்டைவிரல் நகம் கருத்துப்போனது. வேலை முடிந்ததும் வொனியாலா தொட்டியின் தண்ணீர்க் குழாயைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டினார். அடுத்த சனிக்கிழமை பெயர்ப்பலகையோடு வந்து முறைப்படி திறந்துவைப்பேன், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினார். பெயர்ப்பலகையை நான்தான் அடித்தேன். அதில் தொட்டியின் கொள்ளளவைவிட வொனியாலாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை போனபோது தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஊரே கூடியிருந்தது. வொனியாலா ஒரு கையில் கத்தரிக்கோலும் மறுகையில் ஆறு பக்க உரையுமாகக் குழாய்க்கு அருகே போனவர், நின்றார்.

"என்ன சிஸ்டர் இது? ரிப்பன் ஏன் இப்படிக் கசங்கி ஈரமா இருக்கு?"

"அவுத்து அவுத்துக் கட்டினேன் தலைவரே. இந்த வாரம் நாலு பேர் பிறந்தாங்க."

"இத்தனை பேர் வர்றோம். ஒரு வாரம் காத்திருக்கக் கூடாதா?"

"நான் காத்திருப்பேன் தலைவரே. உங்க ஓட்டல்ல நாலு வாரம் காத்திருந்தேனே. பிறக்கிறதுங்க காத்திருக்காது. அந்த நாலு வாரத்துல ஒன்பது பிள்ளைங்க. பெத்தவங்க குடிக்கன்னு வெச்சிருந்த தண்ணியிலதான் நான் கை கழுவினேன். ஒன்பது பேரும் நாக்கு வறண்டுதான் பெத்தாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அங்கே நிற்கவே கூசியது. அந்த ஒன்பதில் எனக்கும் பங்கு உண்டு.

உள்ளே ஒரு பெண் அன்று விடியற்காலையில் பெற்றுவிட்டுப் படுத்திருந்தாள். வொனியாலா உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கத்தரிக்கோலைக் கிடுடுவிடம் கொடுத்தார். ரிப்பனைத் தன் கையாலேயே அவிழ்த்து, யாரிடமோ டம்ளர் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி, நிறையப் பிடித்தார். ஆண்கள் உள்ளே போகக் கூடாது என்பதால் வாசலிலேயே நின்று, சிந்தாமல், சிஸ்டரிடம் நீட்டினார்.

"அந்தப் பொண்ணுக்குக் குடுங்க," என்றார்.