பள்ளத்தின் கரையில் ஒரு கேள்வி

சட்டமன்றக் குழு ஆய்வுக்குப் போகும்போது கூடவே போய்க் குறிப்பெடுப்பது என் வேலையாக இருந்தது. எந்தக் கட்சிக்காரர் பேசினாலும் எழுத வேண்டும். என் கருத்தை மட்டும் சொல்லக் கூடாது.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, ஒரு சிறுமி மூழ்கி இறந்திருந்தாள். அதைப் பார்க்கப் போயிருந்தோம். வேலி போடாதது யார் குற்றமென்று உறுப்பினர்கள் கரையிலேயே கட்சி பிரிந்து கத்தினார்கள். சிறுமியின் அம்மா என்னிடம் வந்தாள்.

"நீங்க சொல்லுங்க சார், இங்க வேலி வேணுமா வேணாமா?"

நான் குனிந்து பேனாவையே பார்த்தேன்.

"பரவால்லைங்க. உங்களப் பேச வுடமாட்டாங்க போல" என்று அவளே என்னைத் தேற்றினாள்.

ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதும் எங்காவது தண்ணீர் தேங்கிக் கிடந்தால் கால் நின்றுவிடுகிறது. யாருமில்லாத இடத்தில் வாய் தானாகச் சொல்கிறது: "வேணும்மா."