யெய்சன் ஆடாத ஆட்டங்கள்

டுவேன் ஹோல்ட்கேம்ப் பெல்டன் ஊரின் சோளப்பாகு ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ஆனால் ஊர் அவரை அறிந்தது அந்த வேலைக்காக அல்ல. மார்ச் மாதம், மிஸிஸிப்பி ஆற்றில் பனிப்பாளம் உடையத் தொடங்கும்போது, உள்ளூர் வானொலியில் ஒரு சனிக்கிழமை காலை அவர் பேசுவார். வரப்போகும் பேஸ்பால் பருவத்தில் நம் அணி எப்படி ஆடும், அதிலிருக்கும் இளசுகளில் எவன் பெரிய லீக் வரை போவான் என்று சொல்வார். ஐயோவாவின் அந்த மூலையில் ரொட்டிக் கடையும் முடிதிருத்தும் கடையும் அந்தக் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்கும்.

பெல்டன் அணி சின்ன லீக் அணி. பெரிய நகரத்து அணியொன்று தான் பிடித்துப்போட்ட இளைஞர்களைப் பழுக்கவைக்க இங்கே அனுப்பும். பழுத்தவன் மேலே போவான். மற்றவர்கள் பஸ் ஏறி அவரவர் ஊருக்குப் போவார்கள். டுவேன் சொன்னதில் பொய்த்ததும் நிறைய உண்டு. ஊர் பலித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

"போன வருஷம் நீ கைகாட்டினவன் இப்ப அவன் மாமன் கடையில டயர் மாத்துறானாம்டா," என்பார் காப்பிக்கடையில் அவர் கூட்டாளி ராய் ஸ்டென்ஸ்ருட்.

"நல்லா மாத்துறானா, இல்லையா? அதச் சொல்லு," என்பார் டுவேன்.

ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் கூலியில் வாடகைக்கு வீடு எடுக்க முடியாது. ஊர்க்காரர்கள்தான் ஆளுக்கொருவரை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். டுவேனுக்கும் அவர் மனைவி வெர்னாவுக்கும் பிள்ளைகள் கிடையாது. மாடியறையில் ஒவ்வொரு வருடமும் ஒரு இளைஞன் வந்து தங்கிப்போவான். அப்படி வந்தவன்தான் யெய்சன் தவாரெஸ். டொமினிகன் குடியரசில் எல் லிமோன் என்ற கடலோர ஊர். வயது பத்தொன்பது. ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரன், அதாவது ஓடுபவன் தொட்டுப்போகவேண்டிய பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்பவன். பந்து அதிகம் வரும் இடம் அது.

வந்த மறுநாளே வெர்னாவின் அடுப்படியைப் பிடித்துக்கொண்டான். வாழைக்காயை வேகவைத்து மசித்து, வெங்காயம் வதக்கிப் போட்டு, வறுத்த சலாமி இறைச்சியோடு தட்டில் வைத்து, "சாப்பிடுங்க, டோன் டுவேன். நீங்க திங்குற ஓட்ஸ் குதிரைக்குப் போடுறது," என்றான். டோன் என்பது அவர்கள் ஊரில் பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல். டுவேனை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மைதானத்தில் அவன் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் வலது கால் நுனியால் மண்ணை இரண்டு முறை கீறுவான். பிறகு கையுறையால் முழங்காலைத் தட்டுவான். பந்து வரும் இடத்துக்கு அவன் ஓடிப்போனதாகவே தெரியாது. போய்ச் சேர்ந்திருப்பான்.

அந்த இலையுதிர்காலத்தில், நாட்டிலுள்ள சின்ன லீக் இளைஞர்களையெல்லாம் தரம்பிரித்து ஒவ்வொரு ஜனவரியிலும் வரிசை போடும் பத்திரிகையிலிருந்து ஒருவர் டுவேனைத் தொலைபேசியில் அழைத்தார். யெய்சன் எப்படி என்று கேட்டார். டுவேன் வெகுநேரம் பேசினார். "நான் சாகுறதுக்குள்ள இவன் மாதிரி இன்னொருத்தனப் பாக்கப்போறதில்ல," என்று முடித்தார்.

ஜனவரியில் வரிசை இணையத்தில் வெளியானது. பெல்டன் ஆடும் லீக்கில் யெய்சன் முதலிடம். அதே வாரத்தில் அணி அலுவலகத்திலிருந்து வெர்னாவை அழைத்தார்கள். பருவம் முடிந்து எல் லிமோனுக்குப் போயிருந்த யெய்சன், அங்கே மோட்டார் பைக்கில் போகும்போது கரும்பு லாரி மீது மோதி அங்கேயே இறந்துவிட்டான். வெர்னா தொலைபேசியை வைத்துவிட்டு மாடிக்குப் போய், அவன் விட்டுப்போயிருந்த கம்பளிச் சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஈரத்தோடு எடுத்தபோது அதில் அவன் வாசனை போயிருந்தது. அப்போதுதான் அழுதாள்.

பத்திரிகையின் அச்சுப் பிரதி முன்பே அச்சாகிவிட்டது. பிப்ரவரி கடைசியில் அது மருந்துக்கடை அலமாரிக்கு வந்தது. அட்டையில் யெய்சன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, 'இது இவனுடைய வருடம்' என்று போட்டிருந்தார்கள். வெர்னா பார்த்துவிடக்கூடாதென்று டுவேன் இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கி வண்டி இருக்கைக்குப் பின்னால் திணித்தார். மறுநாள் போனார். அலமாரி நிறைய யெய்சன் மறுபடியும் சிரித்தான். நன்றாக விற்கிறதே என்று கடைக்காரர் கூடுதலாக வரவழைத்திருந்தார்.

அந்த மார்ச்சில் டுவேன் வானொலிக்குப் போகவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரலில் அணி வந்தது. ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு வில்கின் பெரால்தா என்றொருவனை அனுப்பியிருந்தார்கள். அவனும் எல் லிமோன்காரன். வேறு வீடு கிடைக்கவில்லை. வெர்னா, "அந்தப் புள்ள என்ன பண்ணும் பாவம், வரட்டும்," என்றாள். வில்கின் மாடியறையைப் பார்த்தான். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, "நான் கூடத்துல சோஃபாவுல படுத்துக்கறேன், அம்மா. எனக்கு அதுதான் பழக்கம்," என்றான். வெர்னா தலையணையைக் கீழே கொண்டுவந்தாள்.

முதல் ஆட்டத்தில் அவன் வலது கால் நுனியால் மண்ணை இரண்டு முறை கீறினான். கையுறையால் முழங்காலைத் தட்டினான். மூன்றாவது பேஸ் பக்கத்துப் பலகை இருக்கையில் உட்கார்ந்திருந்த டுவேனுக்குக் கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. ஒரே ஊரில், ஒரே பயிற்சியாளரிடம், ஒரே குப்பை மேட்டு மைதானத்தில் பழகியவர்கள் அவர்கள். காரணம் தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. பந்து காற்றில் இருக்கும் நேரங்களில் அங்கே நிற்பவன் யாரென்று அவருக்குக் குழம்பியது. வில்கின் நல்ல ஆட்டக்காரன்தான். பந்து வரும் இடத்துக்கு ஓடித்தான் போனான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெயிலில் மைதானம் நிரம்பியிருந்தது. எதிரணிக்காரன் அடித்த பந்து தரையோடு சீறி இடைவெளிக்குப் போக, வில்கின் பாய்ந்து விழுந்து அதைக் கவ்வி எழுந்தான். அடித்தவன் ஓடிச் சேருமுன் முதல் பேஸுக்கு எறிய வேண்டியதுதான் பாக்கி. டுவேன் எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"போடுறா யெய்சன்!"

வில்கின் எறியவில்லை. கையை ஓங்கியபடி, பந்தோடு அப்படியே நின்றான். ஓடியவன் முதல் பேஸைத் தொட்டு, யாரும் தடுக்காததால் இரண்டாவதற்கும் போனான்.  வில்கின் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பிறகு பந்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

மறுநாள் காலை உணவின்போது டுவேன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வில்கின், நேத்து நான் வேணும்னு கத்தலப்பா," என்றார்.

"தெரியும், டோன் டுவேன். நீங்க மட்டுமா? அங்க நிக்கிறப்ப எனக்கே ரெண்டாவது பேஸ் பக்கத்துலேருந்து அவன் சிரிக்கிற சத்தம் கேக்குது. நேத்து நீங்க கூப்பிட்டதும், அவன் எறியட்டும்னு விட்டுட்டேன். ஒரு நொடி நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

வெர்னா காப்பி ஊற்றுவதை நிறுத்தினாள்.

"அன்னிக்கு வண்டிய எடுத்துட்டு எங்கதான் போயிட்டிருந்தான் அவன்?" என்று கேட்டாள். இதுவரை யாரும் அவர்களிடம் அதைச் சொன்னதில்லை.

வில்கின் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "வரிசையில மொதல்ல வந்துட்டான்னு ஊரே தெருவுல ஆடிச்சு. ஃபோன்ல அந்தப் பக்கத்த எடுத்து எல்லாருக்கும் காட்டினான். அடுத்த ஊர்ல அவங்க அத்தை இருக்காங்க, அவங்களுக்கும் காட்டிட்டு வந்துடறேன்னு வண்டிய எடுத்தான். எங்க ஊர்ல எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? கண்ணு பட்டுடுச்சுன்னு. அவ்வளவு பெருமைய ஊரறியப் போட்டா கண்ணு படாதான்னு."

டுவேன் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். புல் வெட்டும் இயந்திரத்தை எடுத்து, முந்தின நாள்தான் வெட்டியிருந்த புல்லை மறுபடி வெட்டத் தொடங்கினார்.

பருவம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வில்கின் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். பத்திரிகையில் டுவேன் சொன்ன வரியைப் பேரோடு போட்டிருக்கிறார்கள். யெய்சனின் அம்மா எல்பிதியா யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்த மனிதரைப் பார்க்கவேண்டும் என்கிறாளாம்.

"என்னத்துக்காம்?" என்றார் டுவேன்.

"அத அவங்க சொல்லல."

அவர் கடல் தாண்டிப் போனவரல்ல. போகமாட்டேன் என்றார். வெர்னா பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுக்கத் தேதி குறித்துவிட்டாள். "அவங்க திட்டினா நின்னு வாங்கிக்க. அடிச்சாலும் வாங்கிக்க. இப்படி இருக்கிற புல்லையெல்லாம் வெட்டிட்டே இருக்க முடியாது, டுவேன்."

எல் லிமோனில் டிசம்பர் வெயில் கண்ணைக் கூசவைத்தது. எல்பிதியா மெலிந்த, உயரமான பெண். வாசலில் நின்று டுவேனை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, சின்னக் கோப்பையில் கறுப்புக் காப்பி கொடுத்தாள். சுவரில் அந்த அட்டைப்படம், ஈரம் படாமலிருக்கப் பிளாஸ்டிக் தாளுக்குள். டுவேன் அதற்கு முதுகைக் காட்டி உட்காரப் பார்த்தார், இடமில்லை.

அவள் பேச, வில்கின் மொழிபெயர்த்தான்.

"இதுல ஒரு வருஷம்தான் போட்டிருக்கு. அதுவும் அரைகொறையா. மிச்சத்தச் சொல்லுங்க."

"எந்த மிச்சத்த?"

"அவன் இருந்திருந்தா என்ன ஆகியிருப்பான்னு. உங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்க. ஒங்க ஊர்ல நீங்க சொன்னா ரேடியோவ வெச்சுக் கேப்பாங்களாமே."

டுவேன் வெர்னாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள். திட்டுக்கும் அடிக்கும் தயாராக வந்தவருக்கு இதற்குத் தயாராகத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மார்ச் மாதத்துக் குரலில் தொடங்கினார்.

"இந்த வருஷம் ஜூலை வரைக்கும் எங்க ஊர்லயே ஆடியிருப்பான். அப்புறம் ஒரு படி மேல. அடுத்த வருஷம் கோடையில பெரிய லீக்லேருந்து ஆள் வந்து கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டா மொதல்ல யாருகிட்ட சொல்வான்?"

"உங்ககிட்டதான்."

"மொத ஆட்டத்துல நல்லா ஆடுவானா?"

"பந்தைப் பிடிச்சிடுவான். அடிக்க வராது. கை நடுங்கும். ரெண்டாவது ஆட்டத்துல சரியாயிடும்."

அவள் முன்னால் சாய்ந்தாள். "அடிகிடி படுமா?"

டுவேன் நிறுத்தினார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. பந்தயத்துக்குப் போகிற எவனுக்கும் படத்தான் செய்யும். "ஒரு தடவ. தோள்பட்டை. ஒரு மாசத்துக்கு மேல வெளிய உக்காரணும்."

அதைக் கேட்டதும் எல்பிதியாவின் முகம் தளர்ந்தது. வெறும் நல்லதையே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். இப்போது நம்பிவிட்டாள். மேலே கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். எப்போதென்று தெரியவில்லை, மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து வெளியே போயிருந்தான். முற்றத்தில் சுவரைப் பார்த்து நின்றான். உள்ளே இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விடைபெறும்போது எல்பிதியா அவர் கையைப் பிடித்து, மார்ச்சில் ஃபோன் பண்ணுகிறேன் என்றாள்.

பண்ணினாள். அதே இணைப்பில் வில்கின் இடையில் இருந்து மொழிபெயர்த்தான். யெய்சனின் அந்த வருடத்து ஆட்டத்தை டுவேன் சொன்னார். அடுத்த மார்ச்சிலும் சொன்னார். மூன்றாம் முறை பேசி முடித்ததும், வில்கின் தொலைபேசியை வைக்காமல் இருந்தான்.

"டோன் டுவேன், ஒண்ணு கேக்கட்டுமா? உங்க கணக்குல பெரிய அணியில ஷார்ட்ஸ்டாப் இடம் அவனோடது. அப்ப நான் எங்க இருக்கேன்?"

 டுவேன் வில்கினைப் பற்றி யோசித்ததே இல்லை.

"இனிமே என்னால முடியாது. நீங்க சொல்லச் சொல்ல அவன் நல்லா ஆடிட்டே போறான். நான் வாய்விட்டு அத அவங்ககிட்ட சொல்லணும். என்ன விட்டுடுங்க."

அந்த வசந்தகாலப் பயிற்சி முடிவில் அணி வில்கினை விலக்கியது. நியூ ஜெர்ஸியில் மாமாவின் மளிகைக்கடைக்குப் போனான். வெர்னா கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவாள். அவன் குழந்தைகளின் படம் வரும், கடிதம் வராது. அவன் எந்த ஆட்டமும் பார்ப்பதில்லை என்று அவன் மனைவி ஒருமுறை சொன்னாள்.

வெர்னா சமூகக் கல்லூரியில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாள். பிறகு அவள்தான் மொழிபெயர்த்தாள். வானொலிக்கு டுவேன் திரும்பவே இல்லை. ராய் ஸ்டென்ஸ்ருட் கேட்டுக் கேட்டு அலுத்து, செத்தும் போனார். ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபின் டுவேனுக்குப் பகலெல்லாம் நேரம். பெரிய லீக் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பார். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிற்பவன் மீது கண் நிற்காது. அவனுக்குச் சற்றே இடப்பக்கம், யாருமில்லாத மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெர்னா அதைக் கவனித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

யெய்சனுக்கு இப்போது முப்பத்துநான்கு ஆகிறது. இந்த பிப்ரவரி முழுக்க டுவேன் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்த வயசுல முட்டி போயிடும், வெர்னா. அந்த எடத்துல நின்னவங்க ரொம்பக் கம்மி. அவங்களுக்கும் ஆட்டம் தெரியும், ஏமாத்த முடியாது."

"அப்ப ஆட்டத்த விட்டுட்டான்னு சொல்லிடு. எல்லாரும் ஒரு நாள் விடுறவங்கதான."

"விட்டுட்டா வீட்டுக்கு வரணுமே."

வெர்னா கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள். தட்டு எப்போதோ காய்ந்துவிட்டது.

மார்ச் முதல் வாரம் ஒரு காலையில் எல்பிதியா அழைத்தாள். குரல் தேய்ந்திருந்தது. மழை, சர்க்கரை வியாதி, கோழிகள் என்று கொஞ்சம் பேசினாள். பிறகு வழக்கம்போலக் காத்திருந்தாள்.

"ஆடுறான்," என்றார் டுவேன். "இந்த வருஷமும் ஆடுறான். முன்ன மாதிரி ஓட்டம் இல்ல. முதல் பேஸுக்கு மாத்தியிருக்காங்க. அங்க அவ்வளவா ஓட வேண்டியதில்ல."

வெர்னா அதை ஸ்பானிஷில் சொன்னாள்.  பிறகு எல்பிதியா மெதுவாக ஏதோ கேட்டாள்.

"முட்டி ரொம்ப வலிக்குதான்னு கேக்குறாங்க," என்றாள் வெர்னா.

"காலையில எந்திரிக்கிறப்ப மட்டும்னு சொல்லு."